தளர்நடை இல்லாத வீடு

புதுமனை புகுவிழாவுக்கு வரும் முதியவர்களைக் கூர்ந்து நோக்கியிருக்கிறீர்களா? வீட்டுக்காரர் பளிங்குத் தரையையும் வண்ணச் சுவரையும் மாடிப்படியின் அழகையும் பெருமையுடன் காட்டிக்கொண்டு வருவார். முதியவரும் தலையை அசைத்தபடியே பின்தொடர்வார். எல்லாம் பார்த்து முடித்தபின், "வீடு நன்றாக இருக்கிறது தம்பி, முன்னால் ஒரு திண்ணை வைத்திருக்கலாமே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். வீட்டுக்காரரின் முகம் வாடிவிடும். இத்தனை இருக்க, இல்லாத ஒன்றுதானா இவர் கண்ணில் பட வேண்டும் என்று அவர் எண்ணுவார். ஆனால், இருப்பதைக் காணக் கண் போதும். இல்லாததைக் காண வாழ்ந்த வாழ்வு வேண்டும். அந்த முதியவர் திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவர். அதனால்தான் அவருக்கு அது தெரிகிறது.

2014ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இத்தகைய புதுமனை புகுவிழா ஒன்று நடந்தது. அது கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடன்று. கணினித் திரைக்குள் கட்டிய வீடு. 'தி சிம்ஸ்' என்னும் வாழ்க்கை ஆட்டத்தின் நான்காம் பாகம் அன்று அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. ஆவலோடு காத்திருந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள், புதுமைகளைக் கண்டார்கள், வியந்தார்கள். ஆயினும் அவர்களுள் மிகப் பலர் கேட்ட முதற் கேள்வி, "தளர்நடைக் குழந்தைகள் எங்கே?" என்பதுதான்.

கணினி ஆட்டத்தைப் பற்றி எழுத ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். என் பேத்தி எனக்களித்த தகுதியே தகுதி. கணினி ஆட்டம் என்றால் சுடுவதும் வெட்டுவதும் காரோட்டி மோதுவதுமே என்று நான் எண்ணியிருந்தேன். பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அவள், ஒரு நாள் கணினியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, இங்கே வாருங்கள், உங்களைக் காட்டுகிறேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு வீடு. கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல் அறைகளெல்லாம் தெரிந்தன. கூடத்தில் நரைத்த தலையர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் பெயர்! அடுக்களையில் நின்ற அம்மையாருக்கு என் துணைவியாரின் பெயர். அம்மையார் அடுப்பைப் பற்றவைத்தார். சிறிது நேரத்தில் அடுப்பு தீப்பிடித்து எரிந்தது. "பாட்டிக்குச் சமையல் திறமை இன்னும் கூடவில்லை, தாத்தா" என்றாள் பேத்தி. இதைக் கேட்டுக்கொண்டே வந்த உண்மைப் பாட்டி அன்று மாலை வரை அவளுடன் பேசவில்லை.

அவள் ஆடிக்கொண்டிருந்தது அவ்வாட்டத்தின் மூன்றாம் பாகம். அதில் வெல்வதற்கு எதிரி இல்லை. எட்டுவதற்கு எல்லைக் கோடும் இல்லை. 'சிம்' எனப்படும் திரை மனிதர்களுக்கு வீடு கட்டித் தர வேண்டும். பசித்தால் உணவு, களைத்தால் உறக்கம், தனிமைப்பட்டால் துணை என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அவர்கள் வேலைக்குப் போவார்கள், காதலிப்பார்கள், சண்டையிடுவார்கள், பிள்ளை பெறுவார்கள், மூப்படைந்து இறப்பார்கள். அவர்கள் பேசும் மொழி எந்த நாட்டு மொழியும் அன்று. பொருளற்ற ஒலிகளால் புனைந்த மொழி. ஆயினும் அழுகிறார்களா, கொஞ்சுகிறார்களா, திட்டுகிறார்களா என்பது எந்த நாட்டவருக்கும் விளங்கிவிடும். என் பேத்தி அந்த வீட்டில் நான்கு தலைமுறைகளை வளர்த்திருந்தாள். 'கொள்ளுப்பேரனின் மூக்கு தாத்தாவின் மூக்கு' என்று அவள் எனக்குச் சுட்டிக்காட்டியபோது, பொம்மை என்று தெரிந்தும் நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

இவ்வாட்டம் பிறந்த கதையும் சுவையானது. இதை வகுத்தவர் அமெரிக்கரான வில் ரைட். நகரத்தைக் கட்டி ஆளும் ஆட்டம் ஒன்றை 1989இல் வெளியிட்டுப் பெயர் பெற்றவர். 1991ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பெருந்தீ மூண்டது. 25 பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. அவற்றுள் வில் ரைட்டின் வீடும் ஒன்று. எரிந்துபோன பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் வாங்கியபோது, மனிதனுக்கு உண்மையில் வேண்டியது என்ன, எதை முதலில் வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்ற சிந்தனை அவருக்குள் எழுந்தது. முதலில் அவர் கருதியது வீடு கட்டும் ஆட்டம்தான். கட்டிய வீடு வாழத் தகுந்ததா என்று அளந்து சொல்வதற்காகவே உள்ளே சில மனிதர்களை நடமாட விட்டார். நடமாட வந்தவர்களோ வீட்டைவிடச் சுவையானவர்கள் ஆகிவிட்டார்கள். மேக்சிஸ் நிறுவனம் உருவாக்கி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட அந்த ஆட்டம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. இரண்டே ஆண்டுகளில், அதுவரை உலகில் மிகுதியாக விற்பனையான கணினி ஆட்டம் என்ற பெயரைப் பெற்றது.

முதல் ஆட்டத்தில் குழந்தை தொட்டிலில் கிடக்கும். சில நாட்களில் சிறுவனாகிவிடும். அதன்பின் என்றென்றும் சிறுவனாகவே இருக்கும். காலம் அங்கே ஓடுவதில்லை. 2004ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகம்தான் காலத்தை உள்ளே கொண்டுவந்தது. பெற்றோரின் சாயல் பிள்ளைக்கு இறங்கியது. சிம்கள் வளர்ந்தார்கள், மூப்படைந்தார்கள். தொட்டிலுக்கும் பள்ளிக்கும் இடையே புதிய பருவம் ஒன்றும் தோன்றியது. அதுவே தளர்நடைப் பருவம். அப்பருவத்துக் குழந்தைக்குத் தாயோ தந்தையோ மூன்று பாடங்கள் கற்பிக்க வேண்டும்: நடப்பதற்கு, பேசுவதற்கு, கழிப்புக் கலத்தில் உட்காருவதற்கு. கையைப் பிடித்து நடத்துவார்கள், குழந்தை நாலடி வைத்து விழும், மீண்டும் எழுப்புவார்கள். 2009ஆம் ஆண்டு ஜூனில் வந்த மூன்றாம் பாகத்திலும் இப்பருவம் தொடர்ந்தது. அத்துடன் ஊர் முழுவதும் தடையின்றித் திறந்துவிடப்பட்டது. தன் வீட்டுச் சிம் வாசலைக் கடந்து, தெருவில் நடந்து, கடைக்குப் போய்த் திரும்புவதை ஆடுவோர் கண்ணெடுக்காமல் பார்க்கலாம்.

இந்நிலையில்தான் நான்காம் பாகம் வந்தது. வெளியீட்டுக்கு முன், அவ்வாண்டு ஜூலையிலேயே, அதில் தளர்நடைக் குழந்தைகள் இருக்கமாட்டார்கள் என்றும், நீச்சல் குளம் இருக்காது என்றும் செய்தி வந்துவிட்டது. சிம்களின் உணர்ச்சிகளுக்கும் புதிய கட்டுமானக் கருவிகளுக்கும் உழைப்பைச் செலுத்தியமையால் எல்லாவற்றையும் முதல் நாளிலேயே தர இயலவில்லை என்பது ஆக்கியோர் தந்த விளக்கம். ஆடுவோரிடையே கொதிப்பு எழுந்தது. முறையீட்டு மனுக்கள் புறப்பட்டன. "பொம்மைக் குழந்தைக்காக இப்படியும் ஓர் ஆரவாரமா?" என்று நகைத்தவர்களும் உண்டு.

நடுநிலையோடு சொல்வதானால், புதிய ஆட்டம் எவ்வகையிலும் வறியதன்று. சிம்களின் முகத்தையும் உடலையும் களிமண்ணைப் பிசைவதுபோல் இழுத்தும் அழுத்தியும் வடிக்கலாம். அறை ஒன்றை அப்படியே பெயர்த்து வேறு பக்கம் வைக்கலாம். சிம்கள் உண்டுகொண்டே உரையாடினார்கள். நால்வர் கூடினால் நால்வரும் ஒரே பேச்சில் கலந்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அவர்களுக்கு மனநிலை வந்தது. துயருற்றவனின் நடை தளர்ந்தது. சினம் கொண்டவள் காலால் தரையை உதைத்தாள். உள்ளம் கிளர்ந்த நிலையில் தீட்டிய ஓவியம் சிறப்பாக அமைந்தது. இவற்றைக் கண்டு மகிழ்ந்தவர்கள் பலர். மற்றொரு சாரார், ஊரின் வாயில் மூடப்பட்டதைக் கண்டு வருந்தினர். அடுத்த வீட்டுக்குப் போவதற்கும் திரை மறைந்து சிறிது காத்திருக்க வேண்டியதாயிற்று. குழந்தை விட்டது தொல்லை என்று மனம் நிறைந்தவர்களும் இருந்தார்கள். முந்தைய ஆட்டங்களில் அந்தக் குழந்தைகள் ஓயாமல் அழுது, ஓயாமல் பசித்து, பெற்றோரை வேலைக்குப் போகவிடாமல் செய்தவர்கள் அல்லவா? ஆயினும் இத்தனை குரல்களுக்கும் மேலே ஓங்கி ஒலித்தது குழந்தைகளைத் தேடிய குரலே.

என் பேத்திக்கு அப்போது பதினாறு வயது, நான்காம் படிவம். அவள் ஆட்டத்தை வாங்கிய வாரம் நான் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். முதல் மாலை முழுவதும் அவள் வீட்டுக்குக் கூரையும் சன்னலும் பொருத்தினாள். இரண்டாம் மாலை திரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தொட்டிலோடு ஒன்றிப்போயிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக இயலாது, அடுத்த அறைக்கும் போக இயலாது. தொட்டிலுக்கு அருகிலேயே நின்று கொஞ்சலாம், பாலூட்டலாம், அவ்வளவே. ஆட்டத்தில் சில நாட்கள் கழிந்தன. தொட்டிலிலிருந்து ஓர் ஒளி சுழன்று எழுந்தது. அடுத்த கணம், சட்டையும் காலணியும் அணிந்த சிறுமி ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகத் தயாராக.

பேத்தி சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தாத்தா, இவள் எப்போது நடக்கப் பழகினாள்?" என்றாள்.

அக்கேள்வி என்னைத் தமிழ் இலக்கியத்தின் பக்கம் திருப்பியது. உலக மொழிகளில் குழந்தையைப் பாடாத மொழி இல்லை. ஆனால் குழந்தையின் முதல் இரண்டாண்டுகளை மாதக் கணக்கில் பகுத்து, அதற்கென்றே தனியொரு சிற்றிலக்கியம் அமைத்துக்கொண்டது தமிழ். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பாடினார். அந்நூலின் அரங்கேற்றத்தின்போது அன்னையே சிறுமியாய் வந்து திருமலை நாயக்கரின் கழுத்து முத்துமாலையை எடுத்துப் புலவருக்கு அணிவித்தாள் என்பது செவிவழிக் கதை. பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. பருவத்துக்குப் பத்துப் பாடல். மூன்றாம் மாதம் காப்பு. ஐந்தாம் மாதம் செங்கீரை. குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் பருவம். பிறகு தொட்டிலாட்டிப் பாடும் தால், கைகொட்டும் சப்பாணி, முத்தம், தளர்நடையிட்டு வருக வருகவென அழைக்கும் வருகை, நிலவைக் காட்டும் அம்புலி. ஆண் குழந்தையாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண் குழந்தையாயின் அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் இறுதியில் வரும். இவ்வரிசையில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு.

இந்தப் பத்தையும் விரல் விட்டு எண்ணி, திரையிலிருந்த வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தொட்டில் இருந்தது, ஆகவே தால் உண்டு. குனிந்து முத்தமிடலாம்; ஆகவே முத்தம் உண்டு. செங்கீரை இல்லை; சப்பாணி இல்லை; வருகை இல்லை; நிலவைக் காட்ட வாசலுக்குத் தூக்கிச் செல்ல வழியில்லாததால் அம்புலியும் இல்லை. நீச்சல் குளமும் விடுபட்டிருந்தபடியால் நீராடற் பருவத்துக்கும் இடமில்லை! "எங்கள் புலவர்கள் ஏழெட்டு நூற்றாண்டு பாடியதையெல்லாம் உன் ஆட்டக்காரர்கள் ஒரே ஒளிச்சுழலில் தாண்டிவிட்டார்கள் அம்மா" என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு நிலைக்கவில்லை. அந்தக் கேள்வியை அதற்கு முன்பும் ஒருவர் வாயிலாக நான் கேட்டிருந்தேன்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். 1948ஆம் ஆண்டு பிறப்பு. என் தாயும் தந்தையும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் அடுப்பு மூட்டி, சோறு கட்டி, உறங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடப்பார் அம்மா. அங்கே வரிசையாய்த் தொங்கும் ஏணைகளில் ஒன்றில் என்னைக் கிடத்திவிட்டு, இருட்டிலேயே தம் நிரைக்குப் போய்விடுவார். மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளிகளைச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர் திரும்பும்போது உச்சி வெயில் சாய்ந்திருக்கும். தோட்டத்து ஆயாக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு கொட்டகையின் குழந்தைகள் அத்தனை பேருக்கும் பாலூட்டி, துடைத்து, தாலாட்டிய கைகள் அவர்களுடையவை. நம் நாட்டுத் தோட்டப்புறத்தில் பிறந்த ஒரு தலைமுறையின் செங்கீரையையும் சப்பாணியையும் முழுமையாகக் கண்டவர்கள் அவர்களே.

என் மூத்த மகள் 1975ஆம் ஆண்டு நடக்கப் பழகும் பருவத்தில் இருந்தாள். அம்மா அப்போது தோட்ட வேலையை விட்டு எங்களுடன் வந்து தங்கியிருந்தார். சில வாரங்களாகவே அவர் கடைக்குப் போக மறுத்தார். கோவிலுக்குப் போக மறுத்தார். உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கும் வர மறுத்துவிட்டார். பேத்திக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் கேட்டேன். "நீ மொதல்ல நடந்தத நான் பாக்கல தம்பி. ஆயாதான் சொன்னாங்க, 'ஒங்க மவன் இன்னிக்கு நடந்துட்டான்'னு. வூட்டுக்கு வந்து கைய நீட்டி நீட்டிக் கூப்புட்டேன். நீ நடக்கல. ஒக்காந்துகிட்டுச் சிரிச்ச. எப்பிடி நடந்தன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. இவ நடக்கறதையாச்சும் பாத்துடறேன்" என்றார். பார்த்தும் விட்டார். ஒரு பிற்பகல், சுவரைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு மூன்றடி வைத்து அவர் மடியில் வந்து விழுந்தாள் என் மகள். அம்மா அவளை எடுத்து உச்சி முகர்ந்தார். நானும் என் துணைவியும் பள்ளியிலும் கடையிலுமாக இருந்தோம்.

தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் பாலின் எடை உண்டு, வேலை நாள் உண்டு, கூலி உண்டு. பிள்ளையின் முதல் நடைக்கு அதில் கட்டம் இல்லை. கணினி ஆட்டம் செய்தவர்களும் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். தளர்நடைக் குழந்தையை உருவாக்குவது எளிய செயலன்று. அது பெரியவரைச் சுருக்கிய வடிவம் அன்று. அதன் நடை வேறு, விழுகை வேறு, அழுகை வேறு. அதைத் தூக்கவும் குளிப்பாட்டவும் ஊட்டவும் பெரியவர்களுக்கும் தனித்தனி அசைவுகள் வகுக்க வேண்டும். குறித்த நாளில் பண்டம் வெளிவந்தாக வேண்டும் என்னும்போது எதை வெட்டுவது என்ற கேள்வி எழுகிறது. வாழ்விலும் ஆட்டத்திலும் முதலில் வெட்டுக்கு இலக்காவது, வருவாயும் தேர்வும் பட்டமும் இல்லாத அந்தச் சில மாதங்களே. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க நான் வரவில்லை. தோட்டத்தில் இழந்தவர்கள் உண்மைத் தாய்மார்கள். எனினும், வெட்டப்பட்டது இன்னதென்று ஆட்டத்துக்குள் நுழைந்தவர்கள் நுழைந்த கணத்திலேயே கண்டுகொண்டார்கள் அல்லவா? அவர்களுள் பலர் திருமணமாகாத இளைஞர்கள். சிலர் என் பேத்தியைப்போல் பள்ளிப் பிள்ளைகள். சிறு பிள்ளைத்தனம் என்று அவர்களை நகைத்தவர்கள், அந்தச் சிறு பிள்ளைத்தனத்தில் இருந்த அறிவைக் காணவில்லை.

அவர்களுடைய குரல் வீண்போகவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே நீச்சல் குளம் வந்தது. குழந்தைகள் வரக் காலம் பிடித்தது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், ஆட்டத்தை வைத்திருந்தோர் அனைவருக்கும் கட்டணமின்றித் தளர்நடைப் பருவம் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலம் இரண்டு ஆண்டு நான்கு மாதம். உண்மைக் குழந்தை ஒன்று பிறந்து, நடந்து, ஓடி, வாயாடும் அளவுக்கு வளர்வதற்கு ஆகும் காலம்! காத்திருந்தமைக்குப் பயன் இருந்தது. நடத்தல், பேசுதல், சிந்தித்தல், கற்பனை, கழிப்புப் பழக்கம் என ஐந்து திறன்களும் ஒவ்வொன்றாய் வளர்ந்தன. குழந்தைக்குக் குழந்தை குணமும் மாறியது. அன்றிரவு என் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். "தாத்தா, பிள்ளைகள் வந்துவிட்டார்கள்" என்ற ஒரே வரிதான், எனக்கு விளங்கிவிட்டது. பின்னர் 2023ஆம் ஆண்டு மார்ச்சில், தொட்டிலுக்கும் தளர்நடைக்கும் இடையே மற்றொரு பருவமும் சேர்ந்தது. அதில் குழந்தையைத் தரையில் குப்புறக் கிடத்தலாம். அது கைகளை ஊன்றித் தலையைத் தூக்கும். செங்கீரை வந்தேவிட்டது!

பேத்திக்கு இப்போது திருமணமாகி ஒன்றரை வயது மகன் இருக்கிறான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டது. தந்தைக்கு 7 நாள் விடுப்பும் சட்டத்தில் இடம்பெற்றது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனாலும் 98 நாள் என்பது மூன்று மாதமும் சில நாளும். பிள்ளைத்தமிழ்க் கணக்கில் சொன்னால், காப்புப் பருவம் முடியும்போது விடுப்பும் முடிகிறது. செங்கீரை தொடங்கும்போது தாய் அலுவலகத்தில் இருக்கிறாள். குழந்தை பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறது.

பேத்தியின் மகன் நடந்ததும் அங்கேதான். பராமரிப்பு இல்லத்து அம்மையார் நல்லவர். கைப்பேசியில் அதைப் படம்பிடித்து உடனே அனுப்பிவிட்டார். பேத்தி மதிய உணவு வேளையில் அதைப் பார்த்திருக்கிறாள், பலமுறை பார்த்திருக்கிறாள். பிறகு எனக்கும் அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "தாத்தா, இது அவனுடைய முதல் நடையா, நான் பார்த்த முதல் நடையா?"

அன்று மாலை அவளை அழைத்து, அவளுடைய கொள்ளுப்பாட்டியைப் பற்றிச் சொன்னேன். ஆயாக் கொட்டகையையும், நீட்டிய கைகளையும், உட்கார்ந்துகொண்டு சிரித்த பிள்ளையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "கொள்ளுப்பாட்டிக்கு அந்தப் படமும் இல்லையே, தாத்தா" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆட்டத்தில் நேரத்தை நிறுத்திவைக்கலாம், வயது ஏறாமலும் செய்துவிடலாம். இங்கே அது முடியவில்லை" என்றாள். அந்த மாதமே அவள் தன் மேலாளரிடம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்து வழியாக விண்ணப்பித்தாள். அவ்வாறு கேட்கும் உரிமையையும் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்திருக்கிறது. ஒரு நாள் கிடைத்தது. அந்த ஒரு நாளில் மகனுக்கு அம்புலி காட்டுகிறாள்.

ஆட்டம் வேறு, வாழ்வு வேறு. இதை எனக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தின் புதிய பாகத்துக்குள் நுழைந்தவர்கள், உணர்ச்சி இருக்கிறது, ஓவியம் இருக்கிறது, அழகிய வீடு இருக்கிறது, இருந்தும் பிள்ளை நடக்கப் பழகும் காலம் இல்லையே என்று முறையிட்டார்கள். இரண்டாண்டுக் காலம் ஓயாமல் முறையிட்டுப் பெற்றும் கொண்டார்கள். பொம்மைக்காக அவர்கள் கேட்டதை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக, வேலைக்குச் செல்லும் நம் பெண்களுக்காக, நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? சங்கங்களில் தீர்மானங்கள் பல நிறைவேற்றுகிறோம். இதற்கென ஒரு தீர்மானம் நிறைவேற்றியதாக எனக்கு நினைவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நான் அதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய வருவோர் என் அருகில் வந்து அமர வேண்டுகிறேன்.